லிட்டில் ராக் படத்தை நம் தமிழ்ப் பள்ளிகளில் திரையிடுங்கள்: ஒரு திறந்த மடல்

வர்ஜீனியாவில் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளை நடத்தும் பொறுப்பாளர்களுக்கும், ஒரு காசு வாங்காமல் பாடம் எடுக்கும் ஆசிரியர்களுக்கும், பிள்ளைகளைக் காரில் கொண்டுவந்து விடும் சக பெற்றோருக்கும்,

வணக்கம்.

இந்தக் கல்வியாண்டு முடிவதற்குள் ஒரு வகுப்பு நாளில், ஆறாம் வகுப்புக்கு மேல் படிக்கும் நம் பிள்ளைகள் எல்லோரையும் ஓர் அறையில் உட்காரவைத்து ஓர் ஆவணப்படம் காட்டுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். படத்தின் பெயர் 'நைன் ஃப்ரம் லிட்டில் ராக்'. 1964-இல் சார்லஸ் குகன்ஹைம் இயக்கியது. சுமார் 20 நிமிடம்தான் ஓடும். சிறந்த ஆவணக் குறும்படத்துக்கான ஆஸ்கர் விருது வாங்கிய படம். அதில் கதை சொல்பவர் ஜெஃபர்சன் தாமஸ். 1957-இல் ஆர்கன்சா மாநிலத்தின் லிட்டில் ராக் நகரில், வெள்ளையர் மட்டுமே படித்துவந்த சென்ட்ரல் ஹைஸ்கூலுக்குள் முதன்முதலாகக் காலெடுத்து வைத்த ஒன்பது கறுப்பின மாணவர்களில் அவரும் ஒருவர்.

இந்தப் படத்தை எடுக்கவைத்தது அமெரிக்க அரசின் தகவல் நிறுவனம். எடுத்தது வெளிநாட்டு மக்களுக்குக் காட்டுவதற்காக. பனிப்போர்க் காலம் அது. ஒரு சிறுமியைக் கூட்டம் சூழ்ந்துகொண்டு கத்தும் புகைப்படம் உலகப் பத்திரிகைகளில் எல்லாம் வந்துவிட்டது. புதிதாக விடுதலை பெற்ற ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் நம்மைப் பற்றி என்ன நினைக்கும் என்று வாஷிங்டன் கவலைப்பட்டது. நம் தாத்தா பாட்டி தலைமுறையின் மனதை மாற்ற எடுத்த படம் என்று சொன்னால் தப்பில்லை. அதனால் அதன் தொனியில் நம்பிக்கை சற்றுத் தூக்கலாகவே இருக்கும். அதற்காக அதை ஒதுக்க வேண்டியதில்லை. பிரச்சாரப் படம் என்று சொல்லியே காட்டலாம். தாமஸின் குரலில் இருப்பது பிரச்சாரம் அல்ல, அவர் பட்டது. ஆனால் 20 நிமிடத்தில் எல்லாம் அடங்காது. படம் முடிந்து விளக்கைப் போட்டதும் ஆசிரியர் சொல்லவேண்டியது நிறைய இருக்கிறது. அதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

பள்ளிகளில் இனப்பிரிவினை சட்டத்துக்குப் புறம்பானது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954 மே 17 அன்று பிரௌன் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. இது நம் பிள்ளைகளின் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. தீர்ப்பு வந்தது, பிரிவினை ஒழிந்தது என்றுதான் அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தீர்ப்பு வந்து மூன்று ஆண்டுக்குப் பிறகும் லிட்டில் ராக்கில் எதுவும் நடக்கவில்லை. நடக்கவைக்க, 14 முதல் 17 வயதுக்குள் இருந்த ஒன்பது பேர் தினமும் காலையில் எழுந்து அந்தக் கட்டடத்துக்குள் போகவேண்டியிருந்தது.

1957 செப்டம்பர் 4. ஆளுநர் ஓர்வல் ஃபாபஸ் இரண்டு நாள் முன்பே மாநிலத்தின் நேஷனல் கார்டு படையைப் பள்ளியைச் சுற்றி நிறுத்திவிட்டார். கறுப்பின மக்கள் அமைப்பின் மாநிலத் தலைவர் டெய்சி பேட்ஸ், எல்லோரும் ஓரிடத்தில் கூடிச் சேர்ந்து போகலாம் என்று முந்தைய இரவு டெலிபோனில் சேதி சொன்னார். எலிசபெத் எக்ஃபோர்டின் வீட்டில் டெலிபோன் இல்லை. சேதி போய்ச் சேரவில்லை. 15 வயதுப் பெண், தானே தைத்த புது உடையைப் போட்டுக்கொண்டு, பஸ் பிடித்துத் தனியாக வந்து இறங்கினாள். வெள்ளைப் பிள்ளைகளுக்கு வழிவிட்ட சிப்பாய்கள் அவளைக் கண்டதும் வழியை மறித்தார்கள். திரும்பி நடந்தாள். பின்னாலேயே கூட்டம். தெருமுனை பஸ் நிறுத்தத்து பெஞ்சு வரை நடந்துபோய் உட்கார்ந்தாள். வில் கவுன்ட்ஸ் எடுத்த அந்தப் புகைப்படத்தை நம் பிள்ளைகளும் பார்த்திருப்பார்கள்: கறுப்புக் கண்ணாடி, நெஞ்சோடு அணைத்த நோட்டு, பின்னால் வாயைப் பிளந்து கத்தும் இன்னொரு பெண். கத்துகிற பெண்ணுக்கும் 15 வயதுதான். வகுப்பில் அந்தப் படத்தைப் பெரிதாகப் போட்டு, கத்துகிற பெண்ணின் முகத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். அவளுக்கு யார் இதைக் கற்றுக்கொடுத்தார்கள் என்று பிள்ளைகளே பேசட்டும்.

செப்டம்பர் 23 அன்று ஒன்பது பேரும் பக்கவாசல் வழியாக உள்ளே போனார்கள். வெளியே கூட்டம் பெருகவே, மதியத்துக்குள் அவர்களைக் காரில் ஏற்றி வெளியே கொண்டுபோக வேண்டியதாயிற்று. மறுநாள் குடியரசுத் தலைவர் ஐசன்ஹோவர் ராணுவத்தின் 101-ஆவது வான்குடைப் படைப் பிரிவிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களை அனுப்பினார். 25-ஆம் தேதி ராணுவக் காவலோடு முன்வாசல் வழியாகவே நுழைந்தார்கள். பெரும்பாலானோர் இந்த இடத்தில் கதையை முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. கடினமான பகுதி இதற்கு அப்புறம்தான் வருகிறது.

சிப்பாய்கள் வராந்தா வரைதான் வருவார்கள். வகுப்பறைக்குள் வரமாட்டார்கள், கழிப்பறைக்கு வரமாட்டார்கள், உடற்பயிற்சிக் கூடத்துக்கு வரமாட்டார்கள். சுமார் 2,000 வெள்ளை மாணவர்கள். நடுவில் இவர்கள் ஒன்பது பேர். படிக்கட்டில் தள்ளுவார்கள், எச்சில் துப்புவார்கள், லாக்கரை உடைத்துப் புத்தகத்தை நாசமாக்குவார்கள். விளையாட்டு, பாட்டுக் குழு, மன்றங்கள் எதிலும் சேர இவர்களுக்கு அனுமதி இல்லை. திருப்பி அடிக்கக் கூடாது, திருப்பித் திட்டக் கூடாது என்று இவர்களுக்கு மட்டும் ஒரு விதி. டிசம்பரில் ஒருநாள் மினிஜீன் பிரௌன் மதிய உணவுத் தட்டை ஏந்திக்கொண்டு மேசைகளுக்கு நடுவே நடந்தபோது, பையன்கள் நாற்காலிகளைத் தள்ளித் தள்ளி வழியை மறித்தார்கள். தட்டில் இருந்த சில்லிக் குழம்பு இரண்டு பையன்கள் தலையில் கொட்டியது. அவளைப் பள்ளியிலிருந்து தற்காலிகமாக நீக்கினார்கள். பிப்ரவரியில், தன்னைச் சீண்டிய ஒருத்தியைத் திருப்பி ஒரு சொல் சொன்னதற்கு நிரந்தரமாகவே வெளியேற்றினார்கள். 'ஒன்று போனது, இன்னும் எட்டு' என்று அட்டை அச்சடித்துப் பள்ளிக்குள் விநியோகித்தார்கள் மற்ற மாணவர்கள்.

மினிஜீனைப் பற்றிப் பேசாமல் இந்த வகுப்பை முடிக்காதீர்கள் என்பது என் வேண்டுகோள். எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டவர்களை மட்டும் பாராட்டிப் பழகிவிட்டோம். பொறுக்க முடியாமல் போன 16 வயதுப் பெண்ணையும் நம் பிள்ளைகள் அறிந்துகொள்ள வேண்டும். அவள் தோற்றுப்போனவள் அல்ல. நியூயார்க் போய் அங்கே பள்ளிப் படிப்பை முடித்தாள்.

1958 மே மாதம் எர்னஸ்ட் கிரீன் பட்டம் வாங்கினார். சென்ட்ரலில் படித்து முடித்த முதல் கறுப்பின மாணவர். 600 பேருக்கு மேல் பட்டம் வாங்கிய அந்த விழாவில் அவர் பெயரை அழைத்தபோது கைத்தட்டல் நின்றுபோனது. பார்வையாளர் வரிசையில் அவர் குடும்பத்தோடு மார்ட்டின் லூதர் கிங் உட்கார்ந்திருந்தார்.

அடுத்த ஆண்டு? நகரத்தின் நான்கு உயர்நிலைப் பள்ளிகளையும் ஆளுநர் இழுத்து மூடினார். மூடியே வைப்பதா, சேர்ந்து படிக்கத் திறப்பதா என்று வாக்கெடுப்பு நடத்தினார்கள். சேர்ந்து படிக்கக் கூடாது என்று 19,470 பேர், படிக்கலாம் என்று 7,561 பேர். கறுப்பர், வெள்ளையர் என 3,665 மாணவர்களுக்கு ஓராண்டுக் காலம் பள்ளி இல்லை. ஆனால் கால்பந்து ஆட்டங்கள் மட்டும் நின்றுவிடவில்லை. வகுப்பே நடக்காத பள்ளியின் அணி மைதானத்தில் இறங்கி ஆடிக்கொண்டிருந்தது. பிள்ளைகளின் படிப்பு போனால் போகிறது, ஆட்டம் வேண்டும் என்று நினைத்த பெரியவர்களை இன்றைக்கும் எனக்கு மன்னிக்க முடியவில்லை. பள்ளிகளைத் திறக்கச் சொல்லி அந்த நகரத்து வெள்ளைப் பெண்கள் ஒரு குழு அமைத்துத் தெருத்தெருவாக ஆதரவு திரட்டினார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும். 1959 ஆகஸ்டில் பள்ளிகள் திறந்தன. ஜெஃபர்சன் தாமஸும் கார்லாட்டா வால்ஸும் அதே பள்ளிக்குத் திரும்பி வந்து 1960-இல் படிப்பை முடித்தார்கள். அந்த ஆண்டு பிப்ரவரியில் கார்லாட்டாவின் வீட்டில் குண்டு வெடித்தது. அதற்குப் பிறகும் அவள் பள்ளிக்குப் போனாள்.

இது ஆர்கன்சா கதை, நமக்கு ஏன் என்று கேட்பவர்களுக்கு: சரி, வர்ஜீனியாவுக்கே வருவோம். ரிச்மண்டிலிருந்து காரில் ஒன்றேகால் மணி நேரத்தில் ஃபார்ம்வில் வந்துவிடும். அங்கே ராபர்ட் ரூசா மோட்டன் பள்ளி 180 மாணவர்களுக்காக 1939-இல் கட்டப்பட்டது. 1951-இல் 450 பேருக்கு மேல் படித்தார்கள். இடம் போதாமல் தார்த்தாள் ஒட்டிய மரக் கொட்டகைகளைப் போட்டார்கள். மழை பெய்தால் உள்ளே ஒழுகும். மாணவர்கள் அவற்றைக் கோழிக்கூடு என்பார்கள். பார்பரா ஜான்ஸ் என்ற 16 வயது மாணவி 1951 ஏப்ரல் 23 அன்று, ஊருக்குள் நம் மாணவர்கள் மாட்டிக்கொண்டார்கள் என்று போன் செய்யவைத்துத் தலைமையாசிரியரைப் பள்ளியை விட்டுக் கிளப்பினாள். அவர் பெயரில் சீட்டு எழுதி எல்லா வகுப்புகளையும் கூட்ட அரங்குக்கு வரவழைத்தாள். ஆசிரியர்களை வெளியே போகச் சொன்னாள். புதுக் கட்டடம் கிடைக்கும் வரை பள்ளிக்கு வருவதில்லை என்று வேலைநிறுத்தத்தை அறிவித்தாள். இரண்டு வாரம் நீடித்தது. உதவிக்கு வந்த வழக்கறிஞர்கள் ஆலிவர் ஹில்லும் ஸ்பாட்ஸ்வுட் ராபின்சனும், புதுக் கட்டடம் கேட்டு வழக்குப் போடமாட்டோம், பிரிவினையே கூடாது என்று கேட்பதானால் போடுகிறோம் என்றார்கள். பிள்ளைகளும் பெற்றோரும் ஒப்புக்கொண்டார்கள். 117 மாணவர்கள் பெயரில் போட்ட அந்த வழக்கு, பிரௌன் வழக்கில் சேர்ந்த ஐந்தில் ஒன்று.

அந்தப் பள்ளி இப்போது அருங்காட்சியகம். என் மகளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். பார்பரா பேசிய அதே அரங்கில் மேடைக்குக் கீழே நின்றுகொண்டு, "டீச்சர்ஸையா வெளியே போகச் சொன்னாங்க? டீச்சர்ஸும் போயிட்டாங்களா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். நீதிமன்றம், தீர்ப்பு, சட்டத் திருத்தம் எதுவும் அவளை அப்படிப் பிடித்து நிறுத்தியதில்லை. தன் வயதில் ஒருத்தி திட்டம் போட்டு, ஆள் சேர்த்து, பெரியவர்களை நகர்த்தி ஒரு காரியத்தை முடித்தாள் என்பது பிடித்து நிறுத்தியது. லிட்டில் ராக் படத்தையும் இதே கண்ணோடு காட்ட வேண்டும் என்கிறேன். பாவம், இந்தப் பிள்ளைகள் எவ்வளவு கஷ்டப்பட்டார்கள் என்று பரிதாபப்பட்டு முடிக்கக் கூடாது. அவர்கள் முடிவெடுத்தவர்கள்.

அப்புறம் ஃபார்ம்வில் என்ன ஆனது என்பதையும் மறைக்க வேண்டாம். சேர்த்துப் படிக்கவைக்கச் சொன்னதற்காக அந்த மாவட்டம் 1959-இல் தன் பொதுப் பள்ளிகள் அத்தனையையும் மூடியது. திறந்தது 1964-இல். ஐந்து ஆண்டுகள். வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி தொடங்கிக்கொண்டார்கள். கறுப்பினப் பிள்ளைகள் பலர் உறவினர் வீடுகளுக்கு, வேறு மாநிலங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். பலர் படிப்பையே விட்டார்கள். 1958-இல் சார்லட்ஸ்வில்லிலும் நார்ஃபோக்கிலும்கூட மாநில அரசு பள்ளிகளைப் பூட்டியது. இன்று நம் குடும்பங்கள் வீடு வாங்கிக் குடியிருக்கும் ஊர்கள் இவை.

அன்று நம் பிள்ளைகள் இங்கே இருந்திருந்தால் எந்தப் பள்ளியில் உட்கார்ந்திருப்பார்கள்? வர்ஜீனியாவின் 1902-ஆம் ஆண்டு அரசியலமைப்பு, வெள்ளைப் பிள்ளைகளும் நிறமுள்ள பிள்ளைகளும் ஒரே பள்ளியில் படிக்கக் கூடாது என்று எழுதி வைத்திருந்தது. இந்தியர் வெள்ளையர் அல்ல என்று 1923-இல் பகத் சிங் திண்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மிசிசிப்பியில் மார்த்தா லம் என்ற சீனக் குடும்பத்துச் சிறுமியை வெள்ளையர் பள்ளியிலிருந்து வெளியேற்றினார்கள். அவளுடைய அப்பா உச்ச நீதிமன்றம் வரை போனார். 1927-இல் நீதிபதிகள் ஒருமனதாக, வெளியேற்றியது சரிதான் என்றார்கள். அந்தத் தீர்ப்பின் வேரை அறுத்தது பிரௌன் வழக்கு. 1946-க்குப் பிறகும் ஆண்டுக்கு 100 இந்தியர்தான் குடியேறலாம் என்றிருந்த கதவை அகலத் திறந்தது 1965 குடியேற்றச் சட்டம். குடிமை உரிமைகள் சட்டம், வாக்குரிமைச் சட்டம், குடியேற்றச் சட்டம் மூன்றும் அடுத்தடுத்து வந்தது தற்செயல் அல்ல. அந்தப் பிள்ளைகள் எச்சில் துடைத்துக்கொண்டு நடந்த வழியில்தான் நாம் விமானம் ஏறி வந்து இறங்கினோம்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. நம் பொங்கல் விழாவில், பிறந்தநாள் விருந்தில் வீடு வாங்குவது பற்றிப் பேச்சு வரும். எந்தப் பள்ளிக்கு எத்தனை மதிப்பெண், எந்தப் பக்கம் 'நல்ல ஸ்கூல்', எந்தப் பக்கம் போகவே கூடாது. ஏன் போகக் கூடாது என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை; சொல்லாமலே எல்லோருக்கும் புரிகிறது. பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கும் புரிகிறது. பிள்ளைக்கு நல்ல படிப்பு தேடுவது குற்றமில்லை. ஆனால் அந்தப் பேச்சில் கறுப்பினக் குடும்பங்களைப் பற்றி நாம் விடும் சொற்கள் குற்றம்தான். இந்தப் படத்தைப் பிள்ளைகளோடு பெற்றோரும் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று நான் கேட்பது அதனால்தான்.

படம் முடிந்ததும் யாராவது ஒரு பிள்ளை, "நம்ம ஊர்ல இப்படி இருந்துச்சா?" என்று கேட்கும். நிச்சயம் கேட்கும். மழுப்பாதீர்கள். இருந்தது, சாதியின் பெயரில் இருந்தது என்று சொல்லுங்கள். தாழ்த்தப்பட்ட பிள்ளைகளைப் பள்ளிக்குள் விடாத காலம் இருந்தது, விட்ட பிறகும் தனியாக உட்காரவைத்த காலம் இருந்தது. கையில் சாதிக் கயிறு கட்டிக்கொண்டு பள்ளிக்கு வரும் வழக்கத்தைத் தடுக்க வேண்டும் என்று நீதிபதி சந்துரு குழு 2024-இல் தமிழ்நாடு அரசிடம் பரிந்துரைக்க வேண்டிய நிலை இருக்கிறது. அமெரிக்காவின் தவறைத் தமிழில் பேசிவிட்டு, நம் தவறுக்கு வரும்போது பாட நேரம் முடிந்துவிட்டது என்று எழுந்துவிடக் கூடாது.

தமிழ்ப் பள்ளியில் இதற்கு என்ன வேலை, எழுத்தும் குறளும் சொல்லிக்கொடுக்கவே நேரம் போதவில்லை என்று சில ஆசிரியர்கள் சொல்வார்கள். அவர்கள் படும் பாடு எனக்குத் தெரியும். ஆனால் நம் பிள்ளைகளின் தமிழ் சாப்பாட்டு மேசையிலும் ஆண்டுவிழா மேடையிலும் நின்றுவிடுகிறது. அவர்களுக்குக் கோபம் வரும் விஷயங்களை, நியாயம் அநியாயத்தை, பள்ளியில் தங்களுக்கு நடந்ததைப் பேச ஆங்கிலத்துக்குப் போய்விடுகிறார்கள். எலிசபெத்துக்கு நடந்தது சரியா தப்பா என்று 13 வயதுப் பிள்ளை தட்டுத்தடுமாறித் தமிழில் வாதாடினால், அந்த அரை மணி நேரம் நான்கு இலக்கண வகுப்புக்குச் சமம்.

பயப்படும் வயதுப் பிள்ளைகளுக்கு வேண்டாம். ஆறாம் வகுப்புக்குக் கீழே இருப்பவர்களுக்கு பார்பராவின் கதையை மட்டும் வாயால் சொன்னால் போதும். மற்றவர்களுக்கு இப்படிச் செய்யலாம்: முதலில் ஐந்து நிமிடம் முன்னுரை, அப்புறம் படம், பிறகு அரை மணி நேரம் பேச்சு. ஆங்கில விவரணை பிள்ளைகளுக்குப் புரியும்; பேச்சு மட்டும் தமிழில் இருக்கட்டும். கேள்விகளை ஆசிரியர் தயாரிக்க வேண்டாம், பிள்ளைகள் கேட்கட்டும். அரசு எடுத்த படம் என்பதால் இணையத்திலேயே பார்க்கக் கிடைக்கிறது. வசந்த காலத்தில் ஒரு சனிக்கிழமை ஃபார்ம்வில் அருங்காட்சியகத்துக்கு எல்லோரும் சேர்ந்து ஒரு வேன் பிடித்துப் போய்வரலாம். கட்டுச்சோற்றுக்கு நான் பொறுப்பு.

ஆண்டுவிழா ஒத்திகை தொடங்கிவிட்டால் ஒரு நாளும் கிடைக்காது என்று தெரியும். அதனால் ஒத்திகைக்கு முந்தைய மாதத்திலேயே ஒரு தேதியைக் குறித்து, பள்ளி நாட்காட்டியில் போட்டுவிடுங்கள். முன்னுரைக்கும் கலந்துரையாடலுக்கும் தேவையான தமிழ்க் குறிப்புகளை எழுதித் தருகிறேன். வேண்டிய பள்ளிகள் எடுத்துக்கொள்ளுங்கள், உங்கள் வகுப்புக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ரிச்மண்ட் பக்கத்திலிருந்து ஒரு தமிழ்ப் பள்ளிப் பெற்றோர்